சுவர்க்கடிகாரத்தை ஏன் நாவலில் விட்டுவிட்டீர்கள்?

கேள்வி:

அண்ணே, வணக்கம். ஒரு நாளிதழில் 22 வருடம் மாவட்ட நிருபராக இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டேன். கட்சிக் கூட்டம், இடைத்தேர்தல், கோஷ்டிச் சண்டை, ஆட்சியர் அலுவலகம் என்று பார்த்ததையெல்லாம் வைத்து ஒரு நகைச்சுவை அரசியல் நாவல் எழுதிவிட்டேன். கணினியில் 340 பக்கம். ஒரு தொகுதியில் நடக்கும் இடைத்தேர்தல்தான் கதை. இதே சம்பவங்களை டீக்கடையில் சொன்னால் நண்பர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். அச்செடுத்துக் கொடுத்தால் "நல்லா இருக்குப்பா" என்று திருப்பித் தருகிறார்கள். என் மனைவி 40 பக்கம் படித்துவிட்டு "பேப்பர் படிச்ச மாதிரியே இருக்கு" என்றாள். எங்கே தப்பு?

இன்னொரு பயமும் இருக்கிறது. பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். அது போதுமா, வழக்கு வருமா? நான் எழுதிய பழைய செய்திகள் சிலவற்றை அப்படியே சேர்த்திருக்கிறேன். அவை பழைய அலுவலகத்துக்குச் சொந்தமா? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பின்குறிப்பு: அந்த இடைத்தேர்தல் சமயத்தில் நிருபர்களுக்கெல்லாம் தலைவர் படம் போட்ட சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அப்புறம் கட்சி உடைந்தது. படத்தில் இருப்பவரே வேறு கட்சிக்குப் போய்விட்டார். கடிகாரம் மட்டும் இன்னும் என் வீட்டு ஹாலில் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஓடுகிறது. மனைவி அவர் முகத்தின் மேல் முருகன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள்.

– பெயர் வேண்டாம், தென்மாவட்டம்

பதில்:

உங்கள் கடிதத்தையும் மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். நாவல் பக்கங்கள் மொத்தம் 41. நான் வாய்விட்டுச் சிரித்த இடம் ஒன்றே ஒன்று. அது பின்குறிப்பு. அந்தக் கடிகாரம் நாவலில் எங்காவது வருகிறதா என்று தேடினேன். அனுப்பிய பக்கங்களில் இல்லை. மிச்ச 300 பக்கத்தில் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இருக்காது என்றுதான் தோன்றுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் மனைவி சொன்னது. அவர் சொன்னதுதான் சரி, அதைவிடச் சுருக்கமாக நான் சொல்ல முடியாது. இரண்டாம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:

"தண்ணீரே இல்லாத மேல்நிலைத் தொட்டியை அமைச்சர் சுருட்டப்பன் திறந்துவைத்த கேலிக்கூத்து, இடைத்தேர்தலை எதிர்நோக்கியிருந்த அந்தத் தொகுதியில் அரங்கேறியது. குழாயில் தண்ணீர் வருவதுபோல் காட்டுவதற்காகத் தொட்டிக்குப் பின்னால் டேங்கர் லாரி மறைத்து நிறுத்தப்பட்டிருந்தது பொதுமக்களிடையே பெரும் சிரிப்பலையை ஏற்படுத்தியது."

இரண்டு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அமைச்சர் யார், என்ன செய்தார், லாரி எங்கே நின்றது, யார் சிரித்தார்கள் எல்லாம் வந்துவிட்டன. வாசகர் சிரிப்பதற்கு மட்டும் ஒன்றும் மிச்சமில்லை. பொதுமக்களே அவருக்குப் பதில் சிரித்துவிட்டார்கள்.

இது பழக்கதோஷம், தம்பி. (அண்ணே என்று கூப்பிட்டுவிட்டீர்கள், இனி உரிமையோடு பேசலாம்.) நானும் புத்தக எடிட்டிங்குக்கு வருவதற்கு முன்பு ஒரு வார இதழ் டெஸ்க்கில் 11 வருடம் இருந்தவன்தான். செய்தியில் யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் முதல் பத்தியில் வந்தாக வேண்டும். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் குறைந்தால் கீழிருந்து வெட்டுவோம். நான் வெட்டிய கடைசிப் பத்திகளைச் சேர்த்து வைத்திருந்தால் பத்து நாவல் தேறும். 22 வருடம் அப்படி வெட்டுப்பட்ட கை, முக்கியமான எதையும் கடைசியில் வைக்காது. சிரிப்போ கடைசியில்தான் உட்காரும். லீடு, அதாவது செய்தியின் முதல் பத்தி, எழுதத் தெரிந்த கைக்கு நகைச்சுவை வராமல் போவது இதனால்தான்.

டீக்கடையில் இதே சம்பவத்தை எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? நான் ஊகிக்கிறேன். லாரி டிரைவரிலிருந்து தொடங்கியிருப்பீர்கள்.

மறுநாள் தேர்தல் தேதியை அறிவித்துவிடுவார்கள் என்று காற்றுவாக்கில் செய்தி. அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும், மந்திரி ரிப்பன் வெட்ட முடியாது. ஆகவே மோட்டாருக்கு மின் இணைப்பே வராத தொட்டியை இன்றைக்கே திறந்தாக வேண்டும். ஒன்றியச் செயலாளர் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மந்திரி குழாயத் திருகுறப்ப வாழ்கன்னு சத்தம் வரும். சத்தம் கேட்டதும் வால்வைத் திற" என்கிறார். டிரைவர் தலையாட்டுகிறார். வரவேற்புரை தொடங்குகிறது. வரவேற்புரையிலேயே ஏழு வாழ்க. முதல் வாழ்கவுக்கே டிரைவர் திறந்துவிடுகிறார். ஹோஸ் இணைப்பில் சுற்றியிருந்த துணி நழுவி, தண்ணீர் தரையில் ஓடுகிறது. அதை முதலில் பார்த்தது, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேனில் ஏற்றி வந்த ஒரு பாட்டி. மேடையில் ஐந்தாவது பேச்சாளர் பேசும்போது தொட்டிக்குப் பின்னால் முப்பது குடம் வரிசையில் நிற்கிறது. பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டய்யா, வேறு வேலை இல்லாததால், வரிசையைச் சரிசெய்கிறார். முன்னால் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. கடைசியில் மந்திரி எழுந்து வந்து குழாயைத் திருகுகிறார். புஸ்ஸென்று காற்று வருகிறது. அவர் முகம் மாறவே இல்லை. மைக்கை வாங்கி, "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இந்த அரசின் கொள்கை" என்கிறார்.

நான் அங்கே இல்லை. உங்கள் இரண்டு வாக்கியத்தை வைத்து நானாகக் கட்டியது இது. நீங்கள் அங்கே இருந்தவர், இதைவிட நன்றாக வரும். கவனித்தீர்களா, இதில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வேலையை மும்முரமாகச் செய்கிறார்கள். டிரைவர் சொன்னபடிதான் செய்தார். ஏட்டய்யா கடமையைத்தான் செய்தார். அந்த ஊருக்கு அன்றைக்கு நிஜமாகவே தண்ணீரும் கிடைத்துவிட்டது, அரசாங்கத்துக்குத் தெரியாமல். 'கேலிக்கூத்து', 'அரங்கேறியது', 'சிரிப்பலை' மூன்றையும் கணினியில் தேடி நாவல் முழுக்க அழித்துவிடுங்கள். அனுப்பிய பக்கங்களில் மட்டும் கேலிக்கூத்து 14 தடவை வருகிறது.

சுருட்டப்பன் என்ற பெயரையும் எடுத்துவிடுங்கள். நெற்றியில் திருடன் என்று எழுதி ஒட்டிவிட்டு, அவர் திருடும்போது வாசகர் ஆச்சரியப்பட வேண்டும் என்றால் எப்படி? தங்கராசு என்று வையுங்கள். தங்கராசு நல்லவராகவும் இருக்கலாமோ என்ற சந்தேகம் ஒரு ஐம்பது பக்கத்துக்காவது நமக்கு இருக்கட்டும். எதிர்க்கட்சி வேட்பாளர் 'வாய்ஜாலம்', பத்திரிகை முதலாளி 'கல்லாப்பெட்டியார்'... இவர்களையும்தான் சொல்கிறேன். மேடை நாடகத்தில் இது எடுபடும். நடிகர் உடம்பும் குரலும் சேர்ந்து அந்தப் பெயரை ஆளாக்கிவிடும். காகிதத்தில் பெயர் மட்டும் தனியாக நின்று பல்லை இளிக்கும்.

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அரசியல் கிண்டல் செய்வதற்கு நம்மிடம் ரொம்பப் பழைய முன்மாதிரி இருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார் ஔவையார். அவன் தன் படைக்கலங்களைப் பெருமையாகக் காட்டினான். ஔவை ஏளனமாக ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே உள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவ்வளவுதான். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாகப் படித்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிட்டோம். அந்தப் பாட்டில் மிகைப்படுத்தல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இரண்டு இடத்திலும் பார்த்ததைச் சொல்கிறார். நெய், மாலை, பட்டறை. உங்கள் தொழிலும் பார்த்ததைச் சொல்வதுதான்.

மிகைப்படுத்தல் என்றதும் மூன்றாம் அத்தியாயம் ஞாபகம் வருகிறது. வேட்புமனு தாக்கல் காட்சியில், உச்சபட்சக் கற்பனையாக, ஒரே தொகுதியில் 300 பேர் போட்டியிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மொடக்குறிச்சியை மறந்துவிட்டீர்களா? 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கத்து அந்தத் தொகுதியில் நின்றவர்கள் 1,033 பேர். தங்கள் கோரிக்கைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு வைப்புத்தொகை 250 ரூபாய்தான். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். அதே வருடம் சட்டத்தைத் திருத்தி வைப்புத்தொகையை 5,000 ஆக்கினார்கள். அப்புறம் 2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியதும் ஊரறிந்த கதை. யாராவது அதை நாவலில் எழுதிக்கொண்டு வந்திருந்தால் "ஓவரா இருக்கு, குறைச்சுக்கங்க" என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

நிஜத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். நிஜம் எண்ணிக்கையில் பெரியது என்றால் நீங்கள் சின்னதாகப் போங்கள். மொடக்குறிச்சியில் ஒரு ஓட்டுகூட வாங்காதவர்கள் 88 பேர். அந்த எண் செய்திக்குப் போதும். நாவலாசிரியர் வேறு ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். அதே மாதிரி ஒரு தேர்தலில் ஒரே ஒரு ஓட்டு வாங்கியவர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை முடிந்து இரவு வீட்டுக்கு வருகிறார். எனக்கு நானே போட்டேன் என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் போட்டேன் என்று மனைவி சத்தியம் செய்கிறாள். சட்டியில் மீன்குழம்பு இருக்கிறது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதை எழுத உங்களுக்கு 1,033 பேரும் தேவையில்லை, மந்திரியும் தேவையில்லை.

இப்படிச் சின்ன இடங்கள் உங்கள் கைவசம் நிறைய இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: "நகரெங்கும் ஃப்ளெக்ஸ் பேனர்கள் முளைத்தன." முளைத்தனவா? ஃப்ளெக்ஸ் கடைக்குள் போய் ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு புத்தக அட்டைக்காகக் காத்திருந்தபோது. டிசைன் செய்யும் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு திரையைப் பார்க்கிறார்கள். தலைவர் படம் எங்கே, எவ்வளவு பெரிது என்பதில் சண்டையே இல்லை. மாவட்டம் அவருக்குக் கீழே. அதிலும் பிரச்சினையில்லை. கீழ்வரிசையில் தபால்தலை அளவில் பதினெட்டுத் தலை வரவேண்டும். அங்கேதான் யுத்தம். ஒருவர் "என் படத்தை வலதுபக்கம் ஓரத்தில் போடாதே, கம்பு கட்டுறப்ப மடிஞ்சிடும்" என்கிறார். இன்னொருவர் தன் பக்கத்தில் யார் என்று கேட்கிறார், பதிலைக் கேட்டதும் வெளியே போய் போன் பேசுகிறார். திரும்பி வந்து, "அவரு படம் வேணாம், மேலயே சொல்லிட்டாங்க" என்கிறார். பையன் ஒரு தலையைத் தேர்ந்தெடுத்து டிலீட் பட்டனைத் தட்டுகிறான். பதினேழு தலையும் தானாக நகர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. மறுநாள் பேப்பரில் 'கட்சியிலிருந்து நீக்கம்' என்று வரும் செய்தி அவனுக்கு முதல் நாளே தெரியும். மாவட்ட நிருபருக்குக்கூட அப்புறம்தான் தெரியும். அந்தப் பையனுக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள், தம்பி. பாதி நாவலையே கொடுத்தாலும் தப்பில்லை.

மொழி விஷயத்திலும் இதையே பாருங்கள். அனுப்பிய பக்கங்களில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், உங்கள் நாளிதழ் மாதிரி. அரசியலில் எத்தனை தமிழ் இருக்கிறது! பேச்சாளரின் அடுக்குமொழி, அரசாணையின் 'மேற்காண் பொருள் தொடர்பாக', சுவரொட்டியின் 'வருங்காலமே', போலீஸ் பிரஸ் நோட்டின் 'கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்', தலைமைக்குப் போகும் புகார்க் கடிதத்தில் வரும் 'கழகத்தின் நலன் கருதி'. இவற்றை நீங்கள் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதக்கூடியவர். நாவலாசிரியர்களில் பலருக்கு இந்தக் காது கிடையாது. ஒரு சாதாரண குடும்பச் சண்டையை, மச்சான் மைத்துனன் தகராறை, முழுக்க முழுக்க அறிக்கைத் தமிழில் எழுதிப் பாருங்கள்.

சரி, வழக்கு.

பெயரை மாற்றினால் போதுமா என்றால், போதாது. 'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்ற வரியும் கவசம் ஆகாது. ஊர், பதவி, குடும்பம், நடை, பிரபலமான ஒரு சம்பவம் இவற்றை வைத்து இன்னார் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிட்டால் பெயர் தங்கராசாக இருந்தும் பிரயோசனமில்லை. முன்பு ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 499, 500 என்று இருந்த அவதூறுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அபராதம், சமூக சேவை எல்லாம் அதில் இருக்கின்றன. குற்றவியல் அவதூறு அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பிரிவின் விளக்கங்களில் ஒன்று உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும்: குத்தலாக, வஞ்சப்புகழ்ச்சியாகச் சொன்னாலும் அவதூறாகலாம். ஔவையார் பிழைத்தார். இன்னொரு விளக்கம், குடும்பத்தாரின் மனம் புண்படும் நோக்கத்தோடு எழுதினால் இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவதூறாகலாம் என்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. பொது ஊழியர் ஒருவர் தம் பொதுப்பணியில் நடந்துகொள்வதைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம். பொது நன்மைக்காக உண்மையைச் சொல்லலாம். ஆனால் உண்மை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். நாவலுக்கு ஆதாரம் கேட்டால் எங்கே போவீர்கள்?

யாரையும் குறிப்பிடாமல் எழுதினால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு துணுக்கு எந்த எம்.எல்.ஏ.வையும், எந்த மந்திரியையும் பெயர் சொல்லவில்லை. பொதுவாக எம்.எல்.ஏ., பொதுவாக மந்திரி. அதற்காகச் சட்டமன்றம் உரிமை மீறல் என்று ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பி இரண்டு நாளில் விட்டார்கள். அவர் சும்மா விடாமல் வழக்குப் போட்டு, 1994-ல் உயர் நீதிமன்றம் கைது செல்லாது என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பிய பெருமாள்முருகன் விஷயத்தில் 2015 ஜனவரியில் எழுத்தாளர் செத்துவிட்டார் என்று அவர் அறிவித்ததற்கும், எழுது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னதற்கும் நடுவே ஒன்றரை வருடம். தீர்ப்பு நல்லதாகத்தான் வருகிறது. வரும்வரை வீட்டை யார் நடத்துவது என்பதுதான் கேள்வி.

ஆகவே அச்சுக்குப் போவதற்கு முன்பு அவதூறு வழக்கு நடத்திப் பழக்கமுள்ள ஒரு வக்கீலிடம் முழு நாவலையும் படிக்கக் கொடுங்கள். கூடவே யார் யார் நிஜத்தில் யார் என்ற பட்டியலையும் கொடுங்கள், வாயால் சொன்னாலும் போதும். அவரிடம் மறைத்தால் காசு தண்டம். அதைவிட நல்ல பாதுகாப்பு, ஒரே ஆளை அப்படியே தூக்கி வைக்காமல் இருப்பது. நீங்கள் 22 வருடத்தில் எத்தனை மந்திரிகளைப் பார்த்திருப்பீர்கள்? ஒருவரின் கோபம், இன்னொருவரின் சர்க்கரை மாத்திரை, மூன்றாமவரின் மருமகன். சேர்த்துப் பிசைந்தால் வருபவர் யாருக்கும் சொந்தக்காரர் கிடையாது.

சட்டத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. 'எழுதிறாதீங்க' என்று உங்களை நம்பிச் சொன்னவர்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு கிளைச் செயலாளர் வருகிறார், கடன் வாங்கிக் கட்சி மாநாட்டுக்கு வேன் பிடித்தவர், மகளின் வளையலை அடகு வைத்தவர். ரொம்ப நிஜமாக இருக்கிறது. அவர் உயிரோடு இருந்து, அதை உங்களிடம் நிருபராக இல்லாமல் மனுஷனாகச் சொல்லியிருந்தால், அந்த வளையலை வேறு எதாவதாக மாற்றுங்கள். மந்திரிகள் நாவல் படிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கிளைச் செயலாளர் படிப்பார், இரவல் வாங்கியாவது.

பழைய செய்திகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பத்திரிகையில் வேலை செய்யும்போது எழுதியவற்றைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு. மற்ற விதங்களில் முதல் உரிமை எழுதியவருக்கு, வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கொடுக்காத வரைக்கும். சேர்ந்தபோது என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்று பரணில் தேடுங்கள். எடிட்டராகக் கேட்டால், அவற்றை எடுத்துவிடச் சொல்வேன். உரிமை இருக்கிறது என்பதற்காகச் சேர்க்க வேண்டியதில்லை. நாவலின் உள்ளே ஒரு செய்தி வேண்டுமென்றால் புதிதாக, பொய்யாக, பேப்பர் நடையில் எழுதுங்கள். அங்கே மட்டும் சிரிப்பலை ஏற்படலாம்.

340 பக்கம் 220-க்கு வரவேண்டும். புத்தகக் காட்சியை மனதில் வைத்திருந்தால், நவம்பர், டிசம்பரில் பதிப்பாளர்களிடம் போகாதீர்கள். ஜனவரிக்கான அச்சு வேலையில் அவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள்.

இனி கடிகாரம்.

உங்கள் நாவலைச் சொல்பவர் ஒரு நிருபர். பெயர் இல்லை. எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார், எல்லாம் தெரிகிறது, யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. மந்திரி பேராசைக்காரர், வேட்பாளர் கோழை, முதலாளி கஞ்சன், அதிகாரி அடிமை, வாக்காளர்கூட ஐந்நூறு ரூபாய்க்கு விலைபோகிறார். சுத்தமாக இருப்பவர் ஒருவர்தான், பேனா வைத்திருப்பவர். 41 பக்கத்தில் எனக்கு அவரைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. டீக்கடையில் நீங்கள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். பிரியாணிப் பொட்டலத்துக்காகப் பிரஸ் மீட்டில் கடைசிக் கேள்வி வரை உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் நண்பர்கள் சிரித்தார்கள். மேலே நின்று கைகாட்டுபவரோடு சேர்ந்து யாரும் சிரிப்பதில்லை.

ஈவ்லின் வா என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1935-ல் டெய்லி மெயிலுக்காக அபிசீனியப் போரை எழுதப் போனார். அந்த அனுபவத்தை வைத்து 1938-ல் எழுதிய 'ஸ்கூப்' நாவலில் அவரிடம் அதிகம் அடிபடுவது அரசியல்வாதிகளா என்றால், கிடையாது. நிருபர்களும் பத்திரிகை முதலாளியும்தான். செடி, பறவை, எலி என்று கிராமத்திலிருந்து பத்தி எழுதும் ஒருவரைப் பெயர்க் குழப்பத்தில் போர் நிருபராக அனுப்பிவிடுகிறார்கள். போர் எங்கே நடக்கிறது என்பதே யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை, தந்தி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

உங்களிடம் இருப்பது கடிகாரம். அதை வாங்கிக்கொண்ட அன்று என்ன நடந்தது? வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொன்னீர்களா, இல்லை, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டீர்களா? வண்டியில் எப்படிக் கொண்டுவந்தீர்கள், டேங்க் மேல் வைத்தா? அந்த ஆணியில் அதுவரை என்ன தொங்கியது? எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு வரும்போது ஹாலில் உட்கார வைத்தீர்களா, திண்ணையிலேயே பேசி அனுப்பினீர்களா? அந்தத் தலைவருக்கு எதிராக நீங்கள் ஒரு செய்தி எழுதியிருப்பீர்கள், கண்டிப்பாக. அன்று இரவு மணி பார்த்தபோது அவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதானே இருந்தார்? முருகன் ஸ்டிக்கர் எப்போது ஏறியது, கட்சி உடைந்தபோதா, அவர் தாவியபோதா, வெறுமனே பங்குனி உத்திரத்துக்கு ஸ்டிக்கர் கிடைத்ததாலா? இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் கேளுங்கள். 40 பக்கத்தில் நோயைக் கண்டுபிடித்தவர் அவர்.

அந்தக் கடிகாரத்தை வைத்து ஒரு அத்தியாயம், பத்துப் பன்னிரண்டு பக்கம், எழுதி அனுப்புங்கள். நாவலின் மற்ற பக்கங்களைத் திருத்துவதை அதுவரை நிறுத்தி வையுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் டீக்கடை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவர் படிப்பதைத் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம், கடிகாரத்தின் போட்டோ ஒன்றும் வேண்டும். முருகன் தெரிகிற மாதிரி எடுங்கள்.